அட்டை செருகப்படவில்லை

பொத்தானை அழுத்தியதும் ஒரு பெண் பேசுவாள்.
ஜப்பானிய மொழி, ஒரே வாக்கியம்.
நல்லபடி போய் வா என்கிறாள் என்று
நானே வைத்துக்கொண்டேன், நான்கு வருடமாக.
சக்கரத்தில் பால் தெளித்து ஏறுவேன்.
அவள் சொல்வாள். கிளம்புவோம்.

உலான்பாத்தரில் எங்கு திரும்பினாலும் இந்த வண்டிகள்தான்.
கடல் தாண்டி வந்தவை. ஸ்டியரிங் வலப்பக்கம்.
நாங்கள் ஓட்டுவதும் சாலையின் வலப்பக்கம்.
ஆகவே நான் பள்ளத்தோரம் உட்கார்ந்திருக்கிறேன்.
முன்னால் லாரி போனால்
எதிரே வருவது எனக்குத் தெரியாது,
காசு கொடுத்து ஏறியவருக்குத்தான் தெரியும்.

தார்கான் போகிற வழியெல்லாம் கேட்பேன்:
"காலியா?"
ஆட்டுத் தரகர் "போ, போ" என்பார், கண் போனில்.
கல்லூரிப் பையன், "போகலாம்னு நினைக்கிறேன்."
நினைக்கிறானாம்.
நிறைமாதக்காரி ஒருத்தி மட்டும்
கண்ணாடியை இறக்கி, குளிரில் தலையை நீட்டி,
"அந்த வெள்ளை வண்டி போகட்டும்" என்றாள்.
அவளிடம் பாதிக் காசுதான் வாங்கினேன்.

என் தம்பி ஒத்கோன் கேட்டபோதும்
யாரோ "காலி" என்றிருக்க வேண்டும்.
விசாரிக்க இருவருமே இல்லை.

போன மார்ச்சில் குசுமோதோ ஏறினார்,
வெந்நீர்க் குழாய் பதிக்க வந்த பொறியாளர்.
எங்கள் மொழியைத் தட்டுத் தடுமாறிப் பேசுவார்.
குரல் வந்ததும் சிரித்துவிட்டார்.
என்ன சொல்கிறாள்?
"சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை."

அவ்வளவுதான் என் நான்கு வருட ஆசீர்வாதம்.

வழியெல்லாம் பேச்சு.
அவர் ஊரில் இரவு மூன்று மணிக்கும்,
ஆளே இல்லாத தெருவிலும்,
சிவப்பு விளக்குக்கு நிற்பாராம்.
யாருக்காக? என்றேன்.
வெகுநேரம் யோசித்து, "விளக்குக்காக" என்றார்.
பனியில் சாலை மறைந்தால் நீங்கள்? என்றார்.
வேறொன்று போட்டுக்கொள்வோம் என்றேன்.
புல்வெளியில் பதினான்கு தடம் காட்டினேன்,
எல்லாம் ஒரே ஊருக்கு.

கணவாயில் கல்குவியல் வந்தது, நீலத் துணி படபடக்க.
மூன்று முறை ஹாரன் அடித்தேன்.
மனிதர் இருக்கையைப் பிடித்துக்கொண்டார்.
"யார்? எங்கே?"
யாருமில்லை, மலைக்குச் சொல்லிவிட்டுப் போகணும்.
அவர் ஊரில் ஹாரன் என்றால் வசவுபோலவாம்.
இங்கே அது கும்பிடு.
நகரத்துக்குள் வசவும்தான், மறைப்பானேன்.

டாஷ்போர்டு பெட்டியில் ஒரு பராமரிப்பு நோட்டு,
வண்டியோடு வந்தது, நான் தூக்கி எறியாதது.
கடைசிப் பக்கத்தில் பென்சில் எழுத்து.
படித்துச் சொன்னார்:

*பிரேக் என்று நினைத்து மற்றதை மிதித்தேன்.
சுவர்தான். சுவராக இருந்தது.
வயது எண்பத்தொன்று.
இன்றோடு போதும்.
61,204 கி.மீ.*

நான் மீட்டரைப் பார்த்தேன்.
இரண்டு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம்.

அப்புறம் கம்பளி லாரி.
"காலியா?"
எட்டிப் பார்த்தார். "தெரியவில்லை."
அடுத்த மேட்டிலும் கேட்டேன். "தெரியவில்லை."
நாற்பது கிலோமீட்டர் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு,
மயிர் பறந்து வந்து கண்ணாடியில் ஒட்ட,
எனக்குப் பல் நறநறத்தது.
இப்படி ஒரு மனிதனா,
தெரியாததைத் தெரியாது என்று சொல்ல?
ஒரு மணி நேரம் தாமதம்.
முழுக் காசும் கொடுத்து, குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

திரும்பும்போது சவாரி இல்லை.
பொத்தானை அழுத்தினேன். அவள் சொன்னாள்.
"தெரியும்" என்றேன்.

அந்தி. மறுபடி ஒரு லாரி. பின்னாலேயே போனேன்.
எனக்குப் பின்னே ஒருவன் விளக்கை வெட்டி வெட்டி,
பொறுக்காமல் வெளியே எடுத்தான்.
அவனுடையதும் வலப்பக்க ஸ்டியரிங்.
என்னை உரசுவதுபோல் கடந்தபோது உள்ளே பார்த்தேன்.
இடப்பக்க இருக்கை
காலி.

போய்விட்டான்.
எதிரே எதுவும் வரவில்லை,
இந்த முறை.
கணவாய் வந்ததும் ஹாரன் அடித்தேன்,
மலைக்கு மூன்று,
அவனுக்கு ஒன்று.